குழந்தைகளின் கட்டிப் படங்களுக்கு ஒரு பொதுப் பாடத்தொகுப்பு: நிகழ்வு ஆய்வு

இது நான்கு மருத்துவமனைகளின் ரேடியாலஜி துறைகள் சேர்ந்து, குழந்தைகளுக்கு வரும் கட்டிகளின் ஸ்கேன் படங்களைக் கொண்டு இணையத்தில் ஒரு பாடத்தொகுப்பு அமைத்ததன் பதிவு. இரண்டு அரசு மருத்துவக் கல்லூரிகள், ஒரு குழந்தைகள் மருத்துவமனை, ஒரு புற்றுநோய் மையம். நான்கும் தமிழ்நாட்டில் உள்ளவை. ஊர்களும் ஆட்களும் பெயரில்லாமல் வருகிறார்கள். நோயாளிகளின் விவரங்களில் அடையாளம் காட்டக்கூடியவை மாற்றப்பட்டுள்ளன. எழுதுபவர் அந்தக் குழுவில் ஒருவர்.

பின்னணி

குழந்தைகளுக்குப் புற்றுநோய் வருவது அபூர்வம். உலகம் முழுக்க 19 வயது வரை உள்ளவர்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4 லட்சம் பேருக்கு வருகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் ரத்தப் புற்றுநோயைக் கழித்துவிட்டால், கட்டியாக வருபவை மூளை, சிறுநீரகம், அட்ரீனல், கல்லீரல், எலும்பு, கண் என்று பல வகைகளாகச் சிதறிவிடுகின்றன. எம்.டி. ரேடியாலஜி படிக்கும் மாணவர் மூன்று வருடத்தில் பெரியவர்களின் நுரையீரல் புற்றை எத்தனை முறை பார்ப்பார் என்று கணக்கு வைக்க முடியாது. குழந்தைகளின் கல்லீரல் புற்றான ஹெப்பட்டோபிளாஸ்டோமாவை ஒன்றோ இரண்டோ பார்த்தால் உண்டு. சிலர் ஒன்றுகூடப் பார்க்காமலே ஸ்பெஷலிஸ்ட் ஆகி, மாவட்ட மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறார்கள். அங்கே ஒரு நாள் வயிறு வீங்கிய குழந்தை ஒன்று ஸ்கேன் மேசைக்கு வரும்.

பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். வருமானம் குறைந்த நாடுகள் பலவற்றில் இது 30 சதவீதத்துக்கும் கீழே. நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பதும், கண்டுபிடித்தது சரியாக இல்லாததும் இதற்கான காரணங்களில் சேரும். இரண்டுமே ரேடியாலஜி அறையில் தொடங்கக்கூடியவை.

உலக அளவில் இதற்கு உதவும் தளங்கள் இல்லாமல் இல்லை. ரேடியாலஜி படங்களுக்கான இலவசத் தளமான ரேடியோபீடியா 2005 முதல் இருக்கிறது. மாணவர்கள் எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள், பார்க்கவும் வேண்டும். ஆனால் எங்கள் வார்டுகளுக்கு வரும் குழந்தைகள் வேறு கட்டத்தில் வருகிறார்கள்: கட்டி பெரிதாகி, சில சமயம் வெளியே யாரோ தொட்டுப் பார்த்து, பாதி சிகிச்சை முடிந்து, கூடவே காசநோயோ சத்துக்குறைவோ சேர்ந்து. அப்படிப்பட்ட படங்கள் எங்களிடம்தான் இருந்தன. அவற்றைச் சேர்த்து வைக்கலாம் என்று ஒரு மாநாட்டு மதிய உணவின்போது பேச்சு எழுந்தது.

கையில் இருந்தவை

ஆளுக்கொரு தொகுப்பு ஏற்கெனவே இருந்தது. ஒரு மூத்த பேராசிரியரிடம் அலமாரி நிறைய பிலிம்கள். மற்றவர்களிடம் பென் டிரைவ்கள், பவர்பாயிண்ட் கோப்புகள், யாரிடம் வாங்கியது என்றே நினைவில்லாத சி.டி. தகடுகள். வியூ பாக்ஸில் மாட்டிய பிலிமைக் கைப்பேசியில் எடுத்த படங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் கிடந்தன.

எல்லாவற்றையும் ஒரு மேசையில் கொட்டிப் பார்த்தபோது மூன்று குறைகள் தெரிந்தன. பெரும்பாலானவை ஒற்றை வெட்டுப் படங்கள் (ஸ்கேன் உடலை அடுக்கடுக்காகக் காட்டும் குறுக்குப் படங்களில் ஒன்று மட்டும்), கட்டி நன்றாகத் தெரியும் இடத்தை யாரோ தேர்ந்தெடுத்து வைத்தவை. அதைக் காட்டி மாணவரிடம் கேள்வி கேட்பதில் பாதிப் பதிலை நாமே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். நிஜத்தில் அவர் முன்னூறு வெட்டுகளை உருட்டித் தானே கண்டுபிடிக்க வேண்டும். அடுத்தது, பல படங்களின் ஓரத்தில் குழந்தையின் பெயர் அப்படியே இருந்தது. மூன்றாவதுதான் எங்களை யோசிக்க வைத்தது. "வில்ம்ஸ்" (குழந்தைகளின் சிறுநீரகப் புற்று) என்று பெயரிட்ட கோப்பைத் திறந்து, பயாப்ஸி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட் எங்கே என்று கேட்டால், பல இடங்களில் பதில் இல்லை. படத்தைப் பார்த்து அன்று சொன்னதே நோயின் பெயராக நின்றுவிட்டது. அந்தக் குழந்தைக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்பது அதை வைத்திருந்தவருக்கே தெரியவில்லை.

பழைய சேகரிப்புகளை அப்படியே ஏற்றிவிடலாம் என்ற திட்டம் அங்கேயே நின்றது. மருத்துவமனையின் பேக்ஸ் என்ற டிஜிட்டல் படச் சேமிப்பில் முழு ஸ்கேனும், ஏட்டில் நோயியல் முடிவும் இருக்கிற குழந்தைகளை மட்டும் எடுப்பது என்று முடிவானது. மூத்த பேராசிரியருக்கு இதில் வருத்தம்தான். அவருடைய பிலிம்களில் சில, சி.டி. ஸ்கேன் வந்துவிட்ட இன்று யாரும் அந்த நிலைவரை விடமாட்டார்கள் என்னும்படியானவை. அவற்றை வரலாற்றுப் பகுதி என்று தனியே வைக்க ஒப்புக்கொண்டோம். அந்தப் பகுதி இன்னும் காலியாகவே இருக்கிறது.

எது உறுதி?

திசுப் பரிசோதனை முடிவு இல்லாத எதையும் சேர்க்கக் கூடாது என்பது முதலில் எழுதிய விதி. புற்றுநோய் மையத்தின் நோயியல் மருத்துவர் அதைப் படித்துவிட்டு, "அப்படின்னா ரெட்டினோபிளாஸ்டோமாவை என்ன செய்யப் போறீங்க, சார்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. கண்ணுக்குள் இருக்கும் அந்தக் கட்டியில் ஊசி குத்தினால் புற்றுச் செல்கள் வெளியே பரவும் அபாயம் உண்டு, அதனால் பயாப்ஸி எடுப்பதில்லை. கண்ணையே எடுத்தால்தான் திசு கிடைக்கும். கண்ணைக் காப்பாற்றிவிட்டால் திசு கிடைக்காது. அதாவது சிகிச்சை வென்ற குழந்தைகள்தான் விதிப்படி தொகுப்புக்கு வெளியே நிற்பார்கள். மூளைத்தண்டில் பரவும் கிளையோமா என்ற கட்டிக்கும் நீண்ட காலம் எம்.ஆர்.ஐ.யை மட்டும் நம்பியே சிகிச்சை நடந்தது. பிறந்த குழந்தையின் அட்ரீனலில் (சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி) ஏற்படும் ரத்தக்கசிவு, அங்கே வரும் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டி போலவே தோன்றும். அதை வேறுபடுத்திக் காட்டுவது ஊசி அல்ல, சில வாரம் விட்டு மறுபடி எடுக்கும் அல்ட்ராசவுண்ட். ரத்தக்கசிவு என்றால் சுருங்கும்.

அதனால் உறுதியை மூன்று படிகளாகப் பிரித்தோம்: திசுவால் உறுதியானது, காலப்போக்கில் உறுதியானது, படத்தையும் ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளையும் வைத்து டியூமர் போர்டு (பல துறை மருத்துவர்கள் சேர்ந்து நோயாளிகளை விவாதிக்கும் கூட்டம்) முடிவெடுத்தது. ஒவ்வொரு நோயாளிப் பதிவிலும் விடையைத் திறக்கும்போது எந்தப் படி என்பதும் சேர்ந்தே தெரியும். மூன்றாவது படியைச் சேர்க்கவே கூடாது என்று ஒருவர் கடைசிவரை வாதிட்டார். அவர் பயம் புரிகிறது, ஆனால் அதை விட்டிருந்தால் தொகுப்பு நிஜ வார்டைப் போல இருந்திருக்காது.

கட்டி அல்லாதவற்றையும் சேர்த்தோம். கைக்குழந்தையின் சாதாரணத் தைமஸ் சுரப்பியை மார்புக் கட்டி என்று எழுதி அனுப்புவது இன்றும் நடக்கிறது. உருண்டையாகத் தெரியும் நிமோனியா, வில்ம்ஸ் போல நடிக்கும் நாள்பட்ட சிறுநீரகச் சீழ் நோய், மூளையில் காசநோய்க் கட்டி எல்லாம் உள்ளே வந்தன. கட்டிகள் மட்டுமே உள்ள தொகுப்பில் பழகினால் எதைப் பார்த்தாலும் கட்டி என்று சொல்லத் தோன்றும்.

அறுக்கவும் முடியாது, விடவும் முடியாது

இந்த வேலையில் எல்லாச் சிக்கலும் வந்து சேர்ந்த முடிச்சு இதுதான். படம் முதல் நாளே வந்துவிடுகிறது, உறுதி பிறகு வருகிறது. ஐரோப்பாவில் வழங்கும் சியாப் (சர்வதேசக் குழந்தைப் புற்றுநோய்ச் சங்கம்) முறைப்படி வில்ம்ஸ் கட்டிக்குப் பெரும்பாலும் பயாப்ஸி இல்லாமலே மருந்தைத் தொடங்குவார்கள். நோய் பரவாமல் இருந்தால் 4 வாரம், பரவியிருந்தால் 6 வாரம் கழித்துத்தான் அறுவை சிகிச்சை. நோயியல் அறிக்கை அதற்கும் பிறகு. மூளைக் கட்டிகளின் மரபணு முடிவுகள் இன்னும் தாமதமாகும். ஏற்றும்போதே பெயரையும் எண்ணையும் முழுமையாக அழித்துவிட்டால், பின்னால் வரும் அறிக்கை எந்தப் படத்துக்கு உரியது என்று யாருக்கும் தெரியாது. பெற்றோர் வந்து "எங்கள் குழந்தை படத்தை எடுத்துவிடுங்கள்" என்று கேட்டாலும் எதை எடுப்பது என்று தெரியாது. அழிக்காமல் வைத்தால், அந்தத் தொடர்பு ஒரு நாள் வெளியே கசியலாம்.

ஒரு கல்லூரியின் கணினிப் பிரிவு அதிகாரி சுலபமான வழி சொன்னார்: மருத்துவமனை எண்ணை ஒரு கணித முறையில் ஹாஷ் எனப்படும் வேறொரு குறியீடாக மாற்றி அதையே அடையாளமாக வைக்கலாம், பெயரையும் அடையாளத்தையும் இணைக்கும் ஏடே தேவையில்லை. குழந்தைகள் மருத்துவமனையில் இருந்த ஓர் இளம் மருத்துவர் அதை ஏற்கவில்லை. மருத்துவமனை எண் ஏழெட்டு இலக்கம்தான். இருக்கக்கூடிய எல்லா எண்களையும் அதே முறையில் மாற்றிப் பார்க்க ஒரு மடிக்கணினிக்கு அதிக நேரம் ஆகாது. எண்ணிலிருந்து பிறந்த அடையாளம் எண்ணுக்கே திரும்பிப் போகும்.

முடிவு இப்படி அமைந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் எதிலிருந்தும் வராத ஒரு தற்செயல் எண். அந்த எண்ணையும் நிஜப் பெயரையும் சேர்த்து எழுதிய ஏடு படம் வந்த மருத்துவமனையிலேயே இருக்கும், பொதுச் சர்வருக்கு வரவே வராது. மூன்று இடங்களில் அது கடவுச்சொல் போட்டு மறையாக்கம் செய்த கோப்பு. ஓரிடத்தில் பீரோவில் பூட்டிய நோட்டுப் புத்தகம். நோட்டைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள், ஆனால் இணையம் வழியாக யாரும் அதைத் திருட முடியாது.

தொடக்கத்தில் எண்ணுக்கு முன்னால் மருத்துவமனையைக் குறிக்கும் ஓர் எழுத்தும் இருந்தது, நிர்வாக வசதிக்காக. அதையும் பிறகு நீக்க வேண்டி வந்தது. காரணம் கீழே வருகிறது.

பெயர் ஒளிந்திருக்கும் இடங்கள்

ஸ்கேன் படங்கள் சேமிக்கப்படும் டைகாம் கோப்பில் பெயர், எண், பிறந்த தேதி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் புலம் உண்டு. 0010,0010 என்பது பெயர், 0010,0020 நோயாளி எண், 0010,0030 பிறந்த தேதி. இவற்றை நீக்க வட அமெரிக்க ரேடியாலஜி சங்கத்தின் சி.டி.பி. போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. டைகாம் தரத்தின் 15-ஆம் பகுதியில் எதையெல்லாம் நீக்க வேண்டும் என்று பட்டியலே உண்டு. அந்தப் பட்டியலில் எங்கள் தேவைக்கேற்பச் சில விலக்குகளை வைத்துக்கொண்டோம். ஸ்கேனின் விவரத்தைச் சொல்லும் தலைப்புப் புலத்தை நீக்கவில்லை, "வயிறு, மருந்து ஏற்றியது" என்பது போன்ற பயனுள்ள குறிப்புகள் அதில்தான் இருந்தன.

திறப்பதற்கு முன் சோதனைக்காக ஒரு தொகுதியைச் சரிபார்த்த முதுநிலை மாணவி அந்தப் புலத்தில் ஒரு கைப்பேசி எண்ணைக் கண்டார். மயக்க மருந்து கொடுக்கும் நேரம் வந்ததும் தந்தையைக் கூப்பிட வசதியாக டெக்னீஷியன் அங்கே குறித்து வைத்திருந்தார். கூட்டமான சி.டி. அறையில் அது அவருக்கு இயல்பான இடம், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்றே முறையைத் தலைகீழாக்கினோம். நீக்க வேண்டியவற்றுக்குப் பட்டியல் போடுவதை விட்டு, வைத்திருக்க வேண்டியவற்றுக்கு மட்டும் பட்டியல் போட்டோம், அதில் இல்லாத எல்லாம் போகும். தயாரிப்பு நிறுவனங்கள் தங்கள் வசதிக்கு வைத்திருக்கும் ஒற்றைப்படை எண் புலங்கள் மொத்தமாகப் போயின. ஸ்கேன் தலைப்பு, கொடுக்கப்பட்ட சில சொற்களிலிருந்து தேர்ந்தெடுப்பதாக மாறியது.

அல்ட்ராசவுண்ட் இன்னும் கஷ்டம். பெயர் அங்கே படத்தின் மேலேயே எழுதப்பட்டிருக்கும், புலத்தை அழித்தால் போகாது. ஒவ்வொரு இயந்திர மாடலும் ஒவ்வோர் இடத்தில் எழுதும். மேல்பட்டையை வெட்டும் நிரல் எழுதினோம், அப்புறமும் ஒவ்வொரு படத்தையும் ஒருவர் கண்ணால் பார்த்துத்தான் அனுமதிக்கிறார். சில சி.டி. இயந்திரங்கள் கதிர்வீச்சு அளவைக் காட்டும் பக்கத்தையும் படமாகச் சேமிக்கும், அதில் பெயர் இருந்தது. ஓரிடத்தில் கோரிக்கைச் சீட்டையே ஸ்கேன் செய்து அதே கோப்பில் சேர்த்திருந்தார்கள்.

வயது விஷயத்தில் நீண்ட வாதம் நடந்தது. அடையாளம் மறைய வேண்டுமென்றால் "2 வயது" என்று முழு வருடமாக வைப்பது பாதுகாப்பு. ஆனால் நியூரோபிளாஸ்டோமாவில் 18 மாதத்துக்கு முன்னா பின்னா என்பது சிகிச்சையையே மாற்றும். சிறுநீரகத்தில் கட்டியோடு வரும் குழந்தைக்கு 3 மாதத்துக்குள் என்றால் முதலில் நினைக்க வேண்டியது வில்ம்ஸ் அல்ல, மீசோபிளாஸ்டிக் நெஃப்ரோமா என்ற வேறொரு சிறுநீரகக் கட்டி. மூன்று வயதுவரை மாதக் கணக்கு, அதன்பின் வருடக் கணக்கு என்று ஒப்புக்கொண்டோம். தேதிகள் எல்லாவற்றையும் ஒவ்வொரு குழந்தைக்கும் வெவ்வேறு அளவு தள்ளிவைத்தோம். இரண்டு ஸ்கேனுக்கு இடைப்பட்ட நாள்கள் மாறாது, நிஜத் தேதி தெரியாது. மாவட்டம் முழுதாகப் போயிற்று. ஒரு சிறு ஊரில் ஒரே ஒரு குழந்தைக்குக் கல்லீரல் கட்டி என்றால் ஊர்ப் பெயரே குழந்தையின் பெயர்தான்.

முகம் இன்னொரு சிக்கல். அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், 84 தன்னார்வலர்களின் தலை எம்.ஆர்.ஐ.யிலிருந்து முகத்தை உருவாக்கி, அவர்களின் புகைப்படங்களோடு முகமறியும் மென்பொருளில் ஒப்பிட்டார்கள். 70 பேரை அது சரியாகச் சொன்னது. மூளைக் கட்டிகளுக்கு முகப் பகுதியை நீக்கும் மென்பொருளைப் பயன்படுத்தினோம். கண்குழியில் வரும் கட்டிகளுக்கு அது பயன்படாது, முகத்தோடு கட்டியும் போய்விடும். அவற்றுக்குத் தடித்த வெட்டுகள் மட்டும், அதுவும் பதிவு செய்த மருத்துவர்கள் உள்நுழைந்தால் மட்டும் என்று வைத்தோம். ரெட்டினோபிளாஸ்டோமாவின் நுட்பத்தைத் தடித்த வெட்டில் கற்பது குறைதான். தெரிந்தே ஏற்ற குறை அது.

சம்மதம்

நான்கு நெறிமுறைக் குழுக்களும் தனித்தனியே கேள்வி கேட்டன. இது ஆராய்ச்சியா, கற்பித்தலா என்பதிலேயே ஒருமித்த கருத்து இல்லை. கடுமையான விதியை எல்லோருக்கும் வைத்துக்கொள்வது எளிது என்று ஆராய்ச்சிக்குரிய முறையையே பின்பற்றினோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி பெற்றோர் சம்மதத்தோடு, 7 முதல் 12 வயதுவரை குழந்தையின் வாய்மொழி இசைவும், 12 முதல் 18 வரை எழுத்து இசைவும் வாங்க வேண்டும். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது.

பழைய நோயாளிகளின் குடும்பங்களைத் தேடிப் பிடிக்க முடியாத நிலையில் சம்மதத்துக்கு விலக்கு கேட்டோம். மூன்று குழுக்கள் தந்தன. ஒரு குழு மறுத்தது; அந்த மருத்துவமனையிலிருந்து புதிய நோயாளிகள் மட்டுமே வருகிறார்கள். மறுப்புக்கு அவர்கள் சொன்ன காரணம், இறந்துபோன குழந்தையின் பெற்றோருக்கு எப்போதாவது தெரியவந்தால் யார் பதில் சொல்வது என்பது. அதற்கு எங்களிடம் நல்ல பதில் இருக்கவில்லை.

படிவத்தை நோய் என்னவென்று சொன்ன அன்றே நீட்டுவது முதலில் இருந்த வழக்கம். கையெழுத்து சுலபமாகக் கிடைத்தது. அந்த நாளில் பெற்றோர் எதை நீட்டினாலும் கையெழுத்திடுவார்கள் என்று வார்டு சிஸ்டர் ஒருவர் சொன்னார். இரண்டாவது சுற்று மருந்துக்கு வரும்போது கேட்பது என்று மாற்றினோம். அப்போதுதான் கேள்விகள் வரத் தொடங்கின. "எம்புள்ள மூஞ்சி தெரியுமா, டாக்டர்?" என்று ஒரு தாய் கேட்டார். கணினியில் திறந்து காட்டினோம். பார்த்துவிட்டு, "இதுல எது கட்டி?" என்றார். அதையும் காட்டினோம். யோசித்துச் சொல்கிறேன் என்று போய், அடுத்த முறை வந்தபோது கணவரோடு வந்து கையெழுத்திட்டார். மறுத்தவர்களும் உண்டு. காரணம் கேட்பதில்லை.

ஒரு நோயாளிப் பதிவு உருவான விதம்

இரண்டு வயது நிறையாத பெண் குழந்தை. குளிப்பாட்டும்போது இடது வயிற்றில் கெட்டியாக ஏதோ தட்டுப்படுகிறது என்று பாட்டி கண்டுபிடித்தார். வெளியில் எடுத்த அல்ட்ராசவுண்டில் இடது சிறுநீரகக் கட்டி, வில்ம்ஸாக இருக்கலாம் என்று எழுதியிருந்தது. கல்லூரியில் சி.டி. எடுத்தார்கள். பெரிய கட்டி, அதன் கீழ் ஓரத்தைச் சிறுநீரகம் நகம்போல் கவ்வியிருந்தது. கட்டி சிறுநீரகத்திலிருந்தே முளைத்தது என்பதற்கு மாணவர்கள் மனப்பாடம் செய்திருக்கும் அடையாளம் இது. அறிக்கையும் வில்ம்ஸ் என்றே போயிற்று, நியூரோபிளாஸ்டோமா இரண்டாவது இடத்தில்.

டியூமர் போர்டில் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர் படங்களை மறுபடி ஓட்டச் சொன்னார். மேல்பகுதியின் சில வெட்டுகளில் கட்டி நடுக்கோட்டைத் தாண்டிப் பெருந்தமனிக்குப் பின்னால் நுழைந்து, அதை முதுகெலும்பிலிருந்து தூக்கியிருந்தது. சிறுநீரகத் தமனியைச் சுற்றி வளைத்திருந்தது. வில்ம்ஸ் பொதுவாக ரத்தக் குழாய்களைத் தள்ளும், சிறுநீரகச் சிரைக்குள் வளரும். இப்படிச் சுற்றி வளைப்பது நியூரோபிளாஸ்டோமாவின் குணம். சுண்ணாம்புப் படிவம் மிகக் கொஞ்சம். நியூரோபிளாஸ்டோமாவில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு சி.டி.யில் அது தெரியும் என்பதால், இங்கே அது குறைவாக இருந்தது ஆளைத் திசைதிருப்பியிருக்க வேண்டும். நியூரோபிளாஸ்டோமா சுரக்கும் கேட்டகோலமைன் என்ற வேதிப்பொருளின் அளவு சிறுநீரில் கூடியிருந்தது. பயாப்ஸி நியூரோபிளாஸ்டோமா என்றது. பிறகு வந்த மரபணு முடிவில், நோய் தீவிரமானது என்பதைக் காட்டும் எம்.ஒய்.சி.என். மரபணுப் பெருக்கம் இருந்தது. கட்டி சிறுநீரகத்துக்குள் ஊடுருவியதால் நகம்போன்ற அடையாளம் பொய்யாகத் தோன்றியிருக்கிறது. பயாப்ஸி இல்லாமல் வில்ம்ஸ் மருந்தைத் தொடங்கியிருந்தால் வேறு நோய்க்கான மருந்து அது.

இதைத் தொகுப்பில் வைத்தபோது விடையை முன்னால் சொல்லவில்லை. பெயரே "வயிற்றுக் கட்டி, 20 மாதம்" என்பதுதான். முதலில் அல்ட்ராசவுண்ட். அடுத்த படியில் முழு சி.டி., எல்லா வெட்டுகளோடும். மாணவர் தன் முடிவை எழுதிய பிறகே முதல் அறிக்கை திறக்கும், அன்று எழுதிய சொற்களிலேயே. பிறகு சிறுநீர் முடிவு, பயாப்ஸி, மரபணு.

முதல் அறிக்கையைக் காட்டுவதில் எதிர்ப்பு வந்தது. "எங்க டிபார்ட்மென்ட் ரிப்போர்ட் தப்புன்னு நாலு ஊரும் பார்க்கணுமா, மேடம்?" என்றார் ஒரு துறைத் தலைவர். எண்ணுக்கு முன்னால் இருந்த அந்த ஓர் எழுத்து எந்த மருத்துவமனை என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை எடுத்தோம். நோயாளிப் பதிவுகளைக் கலைத்துப் போட்டோம். அதன்பின் எந்தத் துறையும் முதல் அறிக்கையைத் தர மறுக்கவில்லை. குழந்தையின் அடையாளத்தை மறைக்க எவ்வளவு யோசித்தோமோ அதே அளவு அறிக்கை எழுதியவரின் அடையாளத்துக்கும் யோசிக்க வேண்டியிருந்தது. தவறாகப் போன அறிக்கைகள் வராவிட்டால் இந்தத் தொகுப்பில் பாடம் என்று சொல்ல அதிகம் மிஞ்சாது என்பது என் கருத்து.

திறந்த பிறகு

சர்வருக்கு, டைகாம் படங்களைச் சேமித்து அனுப்பும் ஆர்த்தாங்க் என்ற இலவச மென்பொருளையும், உலாவியிலேயே திறக்கும் ஒரு வியூவரையும் பயன்படுத்தினோம். இதில் சொல்ல அதிகமில்லை. ஒரு வெட்டு அரை மெகாபைட் என்றால் 300 வெட்டுக்கு 150 மெகாபைட். மாணவர்கள் பார்ப்பதோ விடுதியில் கைப்பேசியில். உருட்டும் இடத்துக்குத் தேவையான வெட்டுகளை மட்டும் அனுப்பும்படி மாற்றியதும் புகார்கள் குறைந்தன.

முதல் சில மாதங்களில் வேகமாக நோயாளிப் பதிவுகள் வந்தன, அப்புறம் நின்றன. வேலை முடிந்த பின் யாரும் உட்கார்ந்து ஏற்றத் தயாராக இல்லை. டியூமர் போர்டுக்காக எப்படியும் படங்களைத் தயார் செய்கிறார்கள் என்பதால், அந்தக் கூட்டத்தின் முடிவில் "தொகுப்புக்கு இது வேண்டுமா?" என்ற ஒரு கேள்வியைச் சேர்த்தோம். மறுபடி வரத் தொடங்கின, நோயியல் முடிவோடு சேர்ந்தே.

எலும்புக் கட்டிகள் இன்றும் குறைவு. அந்தப் பிள்ளைகள் எலும்பு முறிவுப் பிரிவு வழியாகப் போகிறார்கள், எங்கள் கூட்டத்துக்கு வருவதில்லை. மாணவர்களின் திறன் கூடியதா என்று அளக்கும் தேர்வு எதுவும் நடத்தவில்லை. முதல் விடையை எழுதாமல் தாண்டிப் போக முடியாதபடி வைத்தது பிடிக்கவில்லை என்று நிறையப் பேர் சொன்னார்கள். அதை மாற்றவில்லை.

ஏட்டைத் தனியே வைத்ததன் பலன் இரண்டு விதமாகத் தெரிந்தது. சிறுமூளையில் வரும் புற்றுக்கட்டியான மெடுல்லோபிளாஸ்டோமாவின் பதிவுகள் சிலவற்றுக்கு மூலக்கூறு வகை முடிவு வெகுநாள் கழித்து வந்தது. நடுக்கோட்டைவிட்டு ஓரமாக, சிறுமூளையின் பக்கவாட்டில் இருந்த கட்டி எஸ்.ஹெச்.ஹெச். என்ற மூலக்கூறு வகை என்று தெரிந்தபோது, அந்த இடத்துக்கும் வகைக்கும் உள்ள தொடர்பைக் காட்ட அந்தப் பதிவையே புதுப்பிக்க முடிந்தது. பழைய வாசகம் அழியாமல், எப்போது எது மாறியது என்பதோடு இருக்கிறது.

இன்னொன்று, 18 வயதானவர்களிடம் மறுபடி கேட்பது. எலும்புப் புற்றான ஆஸ்டியோசார்கோமாவிலிருந்து மீண்டு கல்லூரியில் சேர்ந்த ஓர் இளைஞர், தொடர் பரிசோதனைக்கு வந்தபோது தன் படங்களைப் பார்க்க வேண்டும் என்றார். எல்லாவற்றையும் பார்த்தார். படங்கள் இருக்கட்டும், காலை எடுத்த வயதையும் எந்த மட்டத்தில் எடுத்தார்கள் என்பதையும் சொல்லும் வரியை எடுத்துவிடுங்கள் என்றார். அதைப் படித்தால் எங்கள் ஊரில் யார் என்று தெரிந்துவிடும், சார் என்றார். அந்த வரியை எடுத்தோம். பாடத்துக்கு எந்தக் குறையும் வரவில்லை, அந்த வரி அங்கே எதற்கு இருந்தது என்று பிறகு தோன்றியது. மற்ற பதிவுகளில் இருந்த அதுபோன்ற வரிகளையும் தேடி எடுத்தோம்.

மாற வேண்டியவை

மறுபடி தொடங்கினால் நோயியல் மருத்துவர் முதல் கூட்டத்திலிருந்தே இருப்பார். உறுதியின் படிகளைப் பாதியில் வகுத்ததால் தொடக்கத்தில் ஏறியவற்றை எல்லாம் திரும்பப் பார்க்க நேர்ந்தது. வைத்திருக்க வேண்டிய புலங்களின் பட்டியலும் முதல் நாளிலிருந்தே இருக்கும். அல்ட்ராசவுண்டை நின்ற படமாக அல்லாமல் வீடியோவாக வாங்குவோம். கட்டி மூச்சோடு சிறுநீரகத்துடன் சேர்ந்து நகர்கிறதா, தனியே நகர்கிறதா என்பது நின்ற படத்தில் தெரியாது. எலும்புக் கட்டிகளுக்கு ஆர்த்தோ துறையின் கூட்டத்துக்கு நாங்களே போக வேண்டும்.

செலவில் சர்வர் சிறு பங்குதான். ஒவ்வொரு படத்தையும் கண்ணால் சரிபார்க்கும் ஆளுக்கான நேரத்துக்கு யாரும் பணம் ஒதுக்கவில்லை. இப்போது அதை முதுநிலை மாணவர்கள் முறைவைத்துச் செய்கிறார்கள், பல்கலைக்கழகத் தேர்வு மாதங்களில் ஏற்றமே நின்றுவிடுகிறது.

இன்னும் தீராதது ஏடு யாருடைய பொறுப்பு என்பது. அரசுக் கல்லூரிகளில் மருத்துவர்கள் மாறுதலாகிப் போவார்கள். ஏட்டை வைத்திருந்தவர் வேறு ஊருக்குப் போனபோது, கடவுச்சொல் அவரோடு போய், ஒரு குடும்பத்தின் நீக்கக் கோரிக்கை அவரைத் தொலைபேசியில் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகு, துறையில் பொறுப்பு ஒப்படைக்கும்போது கையெழுத்தாகும் பொருள் பட்டியலில் கருவிகளோடு இந்த ஏட்டையும் சேர்க்கச் சொன்னோம். மூன்று மருத்துவமனைகள் சேர்த்துவிட்டன. நான்காவதில், பொருள் பட்டியலில் நோட்டுப் புத்தகத்தை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். கோப்பு அங்கே இருக்கிறது.